லென்ஸ் வளையத்தில் இருக்கிறது விஷயம்: கையைக் கடிக்காத விலையில் ஒரு காம்பாக்ட் கேமரா

காம்பாக்ட் கேமரா என்றதும் கண் முதலில் போவது, முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்டிருக்கும் மெகாபிக்சலுக்குத்தான். வாங்கலாமா வேண்டாமா என்பதைச் சொல்லும் எண்கள் லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் பொடி எழுத்தில் இருக்கும். 2009-இல் வந்த கேனான் பவர்ஷாட் எஸ்90-இன் வளையத்தில் ‘6.0-22.5 மி.மீ., 1:2.0-4.9’ என்று போட்டிருக்கும். இந்த ஒரு வரியைப் படிக்கத் தெரிந்தால் கடைக்காரர் சொல்வதில் பாதியைக் கேட்க வேண்டியதே இல்லை.

முதல் ஜோடி, லென்ஸின் குவியத் தூரம். பெரியதைச் சிறியதால் வகுத்தால் உண்மையான ஆப்டிகல் ஜூம் வந்துவிடும்: 22.5-ஐ 6-ஆல் வகுத்தால் 3.75. அதைத்தான் பெட்டியில் 3.8 மடங்கு என்று போடுவார்கள். இரண்டாவது ஜோடி, அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பளவு. ஜூம் செய்யாதபோது எஃப்2.0, முழுக்க ஜூம் செய்தால் எஃப்4.9. இந்த எண் சிறிதாக இருந்தால் லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும்.

இதே வரியிலிருந்து சென்சாரின் (படத்தைப் பதிவு செய்யும் சில்லு) அளவையும் பிடிக்கலாம். எஸ்90-இன் அகலக் கோணம், பழைய ஃபிலிம் கேமராவின் 28 மி.மீ. லென்ஸ் காட்டும் கோணத்துக்குச் சமம். 28-ஐ 6-ஆல் வகுத்தால் சுமார் 4.7, அதாவது ஃபிலிம் சட்டத்தைவிட சென்சாரின் மூலைவிட்டம் 4.7 மடங்கு சிறியது. இதுதான் 1/1.7 அங்குல வகை. கேனான் இக்ஸஸ் 185-இன் வளையம் ‘5.0-40.0, 1:3.2-6.9’. அதுவும் 28-இல் தொடங்குவதுதான், வகுத்தால் 5.6. இது 1/2.3 அங்குல வகை. சோனி ஆர்எக்ஸ்100-இல் ‘1.8-4.9/10.4-37.1’ என்று இருக்கும்; 28-ஐ 10.4-ஆல் வகுத்தால் 2.7. இது 1 அங்குல வகை. கேமரா 24-இல் தொடங்குவதாக இருந்தால் 28-க்குப் பதில் 24-ஐ வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ‘அங்குலம்’ எதுவும் சென்சாரின் நேரடி அளவு கிடையாது. பழைய வீடியோ கேமராக் குழாய்க் காலத்துப் பெயர் அப்படியே நின்றுவிட்டது. நிஜ அளவுகள் இவை: 1/2.3 அங்குலம் என்பது 6.2-க்கு 4.6 மி.மீ., பரப்பு சுமார் 28 சதுர மி.மீ. 1/1.7 அங்குலம் என்பது 7.6-க்கு 5.7, பரப்பு சுமார் 43. 1 அங்குல சென்சார் 13.2-க்கு 8.8, பரப்பு 116. பெயரைப் பார்த்தால் முதல் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாததுபோல் தோன்றும். பரப்பில் ஒன்று மற்றொன்றைப்போல் ஒன்றரை மடங்கு.

இனி ஒரு சின்னக் கணக்கு. சென்சாரின் பரப்பை, எஃப் எண்ணின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரே ஷட்டர் வேகத்தில் கேமரா மொத்தம் எவ்வளவு வெளிச்சத்தைச் சேகரிக்கிறது என்பதற்கு இது நல்ல அளவுகோல். இக்ஸஸ் 185-க்கு ஜூம் செய்யாதபோது 2.7, முழு ஜூமில் 0.6. எஸ்90-க்கு 10.8, முழு ஜூமில் 1.8. ஆர்எக்ஸ்100-க்கு 36, முழு ஜூமில் 4.8. சாதாரண நடுத்தர விலை போனின் பிரதான கேமராவுக்கு இதே கணக்கைப் போட்டால் ஏழிலிருந்து பத்து வரை வரும். அதற்கு மேல் போன், பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்கி, மங்கிய வெளிச்சத்தில் படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகளைக் குறைத்துக்கொள்கிறது.

இதிலிருந்து ஒரு முடிவை ஒளிக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. 1/2.3 அங்குல சென்சாரும் எஃப்3.2 லென்ஸும் கொண்ட மலிவு கேமரா, கல்யாண மண்டபத்துக்குள்ளும் கோயில் பிரகாரத்திலும் மாலை ஆறு மணிக்கு மேல் தெருவிலும் உங்கள் போனிடம் தோற்கும். பகல் வெளிச்சத்தில் தூரத்துப் பறவையை எடுக்க அதன் ஜூம் உதவும், பிளாஷும் போனின் எல்இடி விளக்கைவிட எவ்வளவோ மேல். அந்த இரண்டும் வேண்டாம் என்றால் அந்த வகைக்குக் காசு போடாதீர்கள். போனைவிடத் தெளிவாக நல்ல படம் வேண்டும் என்றால், குறைந்த பட்ஜெட்டில் ஒரே வழி பழைய கேமராதான்: அந்தக் காலத்தில் விலை அதிகமாக இருந்த, பெரிய சென்சாரும் பிரகாசமான லென்ஸும் உள்ள மாடலை செகண்ட் ஹேண்டில் வாங்குவது.

மெகாபிக்சலைப் பற்றி ஒரே ஒரு உதாரணம் போதும். கேனான் 2008-இல் வெளியிட்ட ஜி10 கேமரா 14.7 மெகாபிக்சல். அடுத்த ஆண்டு வந்த ஜி11 வெறும் 10 மெகாபிக்சல். அதே அளவு சென்சாரில் புள்ளிகளைக் குறைத்து, மங்கிய வெளிச்சத்தில் படம் சுத்தமாக வரட்டும் என்று நிறுவனமே எண்ணிக்கையில் பின்வாங்கிய சம்பவம் அது. எஸ்90-இலும் அதே 10 மெகாபிக்சல் வகைதான். பத்து மெகாபிக்சல் கோப்பை ஏ4 தாளில் அச்சடித்தால் அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்கு மேலேயே கிடைக்கும். வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு அது தாராளம்.

எந்த மாடல்களைத் தேடலாம்? கேனான் எஸ் வரிசையில் எஸ்90, எஸ்95, எஸ்100, எஸ்110, எஸ்120 என்று 2009 முதல் 2013 வரை ஆண்டுக்கு ஒன்று வந்தது. எல்லாமே சட்டைப் பையில் அடங்கும், எல்லாமே ரா கோப்பு (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு) தரும், லென்ஸைச் சுற்றித் திருப்பும் வளையம் உண்டு. எஸ்90-இன் பின்பக்கச் சக்கரம் தளர்வானது. கட்டைவிரல் பட்டாலே திரும்பி, நீங்கள் அறியாமல் செட்டிங் மாறிவிடும். எஸ்95-இல் அதை இறுக்கமாக்கினார்கள். எஸ்90-இன் வீடியோ 640-க்கு 480 மட்டுமே, எஸ்95-இல் 720. வீடியோவும் முக்கியம் என்றால் எஸ்100-இலிருந்து பாருங்கள், முழு எச்டி கிடைக்கும். ஆனால் எஸ்100-இல் ஒரு சிக்கல் ஊரறிந்தது. சூடும் ஈரப்பதமும் உள்ள சூழலில் உள்ளே ஒரு பாகத்தின் இணைப்பு விட்டுப்போய் லென்ஸ் வேலை செய்யாமல் போகும். கேனானே அதை ஒப்புக்கொண்டு குறிப்பிட்ட வரிசை எண்களுக்கு இலவசமாகப் பழுது பார்த்தது. அந்தச் சலுகைக் காலமெல்லாம் முடிந்துவிட்டது. நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் எஸ்100-ஐத் தாண்டி எஸ்110-க்குப் போய்விடுவதே நல்லது.

என் கணிப்பில் இந்தக் கூட்டத்தில் பலர் கண்டுகொள்ளாமல் விடுவது 2012-இல் வந்த பானாசோனிக் எல்எக்ஸ்7. அதன் அப்பர்ச்சர் எஃப்1.4 முதல் 2.3 வரை. சென்சார் 1/1.7 வகைதான், அதிலும் ஓரங்களைக் கொஞ்சம் விட்டுவிட்டு சுமார் 34 சதுர மி.மீ. மட்டும் பயன்படுத்துகிறது. மேலே போட்ட கணக்கை இதற்கும் போடுங்கள்: ஜூம் செய்யாதபோது 17, முழு ஜூமில் 6.4. முழு ஜூமில் ஆர்எக்ஸ்100-க்கு வந்த எண் 4.8 என்பதை மறக்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்கைவிடச் சிறிய சென்சாரை வைத்துக்கொண்டு, ஜூம் முனையில் இது முந்துகிறது. குழந்தைகளையும் மேடையையும் கொஞ்சம் தள்ளி நின்று எடுப்பவருக்கு இது பெரிய லாபம். லென்ஸிலேயே அப்பர்ச்சர் வளையம் உண்டு, மேலே வெளி பிளாஷ் மாட்ட இடமும் உண்டு. குறை என்னவென்றால், லென்ஸ் மூடியைக் கையால் கழற்ற வேண்டும், பேன்ட் பையில் புடைத்துக்கொண்டு நிற்கும். 2011-இல் வந்த ஒலிம்பஸ் எக்ஸ்இசட்-1 (எஃப்1.8-2.5) இதே குணத்துடன் இன்னும் விலை குறைவாகக் கிடைக்கும், 28-இலிருந்து 112 வரை போகும்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் சோனி ஆர்எக்ஸ்100-இன் முதல் பதிப்பு. 2012-இல் அமெரிக்காவில் 650 டாலருக்கு வந்த கேமரா இது. பின்னால் மார்க் 2, மார்க் 3 என்று புதிய பதிப்புகள் வந்ததால் இதன் செகண்ட் ஹேண்ட் விலை இறங்கியது. 20 மெகாபிக்சல், 1 அங்குல சென்சார், பேட்டரியோடு 240 கிராம். யுஎஸ்பி மூலம் கேமராவுக்குள்ளேயே சார்ஜ் ஏறும். பழைய கேமரா வாங்கும்போது சார்ஜர் தொலைந்திருப்பது சகஜம் என்பதால் இது சின்ன விஷயமில்லை. உடம்பு வழவழவென்று இருக்கும், பிடிமானம் ஒட்டிக்கொள்வதும் மணிக்கட்டு வார் மாட்டுவதும் கட்டாயம். ஒரு எச்சரிக்கை: ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்த சோனி கேமராக்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும், வேறு மொழிக்கு மாற்ற முடியாது. மெனுத் திரையின் படத்தை அனுப்பச் சொல்லிவிட்டு விலை பேசுங்கள்.

பழைய கேமராக்களில் இருந்த சிசிடி என்ற சென்சார் வகையின் பெயரால் இணையத்தில் ‘சிசிடி நிறம்’ என்று ஒரு மோகம் கிளம்பி, பத்துப் பதினைந்து ஆண்டு பழைய மலிவு கேமராக்களுக்கெல்லாம் விலை ஏறியிருக்கிறது. அந்தப் படங்களின் தோற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம் சென்சாரின் வகை கிடையாது. நேருக்கு நேர் அடிக்கும் செனான் பிளாஷ், அந்தக் கால ஜேபெக் செயலாக்கம், வெளிச்சத்தையும் நிழலையும் ஒன்றாகப் பிடிக்க முடியாத குறுகிய ஒளி வீச்சு ஆகிய மூன்றும் சேர்ந்து தருவது அது. சிசிடிக்குப் பின் பரவிய சிமாஸ் வகை சென்சார் உள்ள பழைய கேமராவில் பிளாஷைக் கட்டாயமாக எரியவிட்டு, எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவு) சற்றே குறைத்தால் அதற்கு மிக அருகில் போய்விடலாம். சிசிடி என்ற ஒரு சொல்லுக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண். அதோடு 2002 முதல் 2004 வரையிலான கேமராக்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அப்போது பல நிறுவனங்கள் வாங்கிப் பொருத்திய சோனி சிசிடிக்களில், வெப்பமும் ஈரப்பதமும் பட்டு உள்ளே இருக்கும் நுண்கம்பி இணைப்புகள் விட்டுப்போயின. 2005-இல் சோனி, கேனான், நிக்கான், ஃபுஜிஃபிலிம் உள்ளிட்ட நிறுவனங்கள் இதற்காக அறிவிப்பு வெளியிட்டன. திரையில் ஊதா நிறக் கோடுகளோ முழுக்கக் கறுப்போ வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். அதைத் திருத்த இப்போது வழியில்லை.

புதிதாகத்தான் வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இணையக் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்கு ‘48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம்’ என்று பெயர் தெரியாத கேமராக்கள் வரிசையாக வரும். லென்ஸ் வளையத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதில் ஒரே ஒரு குவியத் தூரம் மட்டும் இருந்தாலோ, எண்ணே இல்லாவிட்டாலோ அந்த 16 மடங்கும் டிஜிட்டல் ஜூம்; படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். 48 மெகாபிக்சலும் சிறிய சென்சாரின் புள்ளிகளை மென்பொருள் ஊதிப் பெருக்கியது. பிளாஷ் இருக்கும் இடத்தில் ஒரு எல்இடி இருக்கும். இவற்றோடு ஒப்பிட்டால் ஜேகே இமேஜிங் நிறுவனம் கோடக் பெயரில் விற்கும் பிக்ஸ்ப்ரோ எஃப்இசட்45 நேர்மையான பொருள்: நிஜமான 4 மடங்கு ஆப்டிகல் ஜூம், நிஜ பிளாஷ், இரண்டு டபுள்-ஏ பேட்டரி. சின்னப் பிள்ளைக்குக் கொடுக்க நல்லது. போனைவிட மேலான படம் தரும் என்று எதிர்பார்த்து வாங்க வேண்டாம்.

பேட்டரியும் கார்டும் கிடைக்குமா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஒலிம்பஸும் ஃபுஜிஃபிலிமும் ஒரு காலத்தில் எக்ஸ்டி கார்டு பயன்படுத்தின. உச்ச அளவே 2 ஜிபி, இன்றைக்கு அதைத் தேடி அலைய வேண்டும். பழைய சோனியில் மெமரி ஸ்டிக். எஸ்டி கார்டு போடும் கேமராவாக இருந்தாலும் 2006-க்கு முந்தியது என்றால் 2 ஜிபி வரைதான் படிக்கும். அதற்குப் பிறகு வந்த எஸ்டிஎச்சி கார்டைப் போட்டால் ‘கார்டு எரர்’ என்று நிற்கும், கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். மேலே சொன்ன மாடல்கள் எல்லாவற்றுக்கும் 16 அல்லது 32 ஜிபி எஸ்டிஎச்சி கார்டு எந்தத் தகராறும் இல்லாமல் ஓடும். பேட்டரியில் எஸ்90, எஸ்95-க்கு என்பி-6எல்; எஸ்100, எஸ்110-க்கு என்பி-5எல்; ஆர்எக்ஸ்100-க்கு என்பி-பிஎக்ஸ்1. ஒரிஜினல் என்று இப்போது கிடைப்பதில் பல, தயாரித்துப் பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்தவை. நல்ல வேற்று நிறுவனப் பேட்டரி இரண்டாக வாங்கிவிடுவது மேல். கேமராவோடு வந்த பழைய பேட்டரியைத் தட்டையான மேசையில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். பம்பரமாகச் சுழன்றால் நடுவில் உப்பியிருக்கிறது. அதைத் திரும்பச் சார்ஜ் போடாதீர்கள்.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் மூன்று கேளுங்கள்: லென்ஸ் முழுக்க வெளியே நீண்டிருக்கும் நிலையில் முன்பக்கப் படம், திரை எரியும்போது ஒரு படம், அந்தக் கேமராவிலேயே இன்று எடுத்த ஒரு படத்தின் மூலக் கோப்பு. அந்தக் கோப்பை வாட்ஸாப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்ல வேண்டும். சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், எந்தக் கேமரா, என்ன ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன் எண்), என்ன தேதி என்ற தகவலும் அழிந்துவிடும். ‘சார்ஜர் இல்ல, அதனால செக் பண்ணல’ என்று சொன்னால், கேமரா வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொண்டே விலை பேசுங்கள்.

நேரில் வாங்குவதுதான் சிறந்தது. சென்னை ரிச்சி தெருவானாலும் சரி, யாரோ ஒருவர் வீட்டு வாசலானாலும் சரி, சார்ஜ் ஏற்றிய பேட்டரி, 8 ஜிபி கார்டு, போனில் செருகும் கார்டு ரீடர், ஒரு சின்ன டார்ச் ஆகிய நான்கும் பையில் இருக்கட்டும்.

முதலில் லென்ஸ். பத்துத் தடவை ஆன், ஆஃப் செய்யுங்கள். ஒருமுறை கேமராவை வானம் பார்க்கவும் ஒருமுறை தரை பார்க்கவும் பிடித்துக்கொண்டு முழு ஜூம் வரை போய் வாருங்கள். மோட்டாரோ பல்சக்கரமோ தேய்ந்திருந்தால் லென்ஸின் எடையை மேல்நோக்கித் தள்ளும்போது திணறும். நறநறவென்று சத்தம் வந்தால் உள்ளே மணல். கடற்கரைக்குப் போய்வந்த கேமராக்களில் இது அதிகம். நீண்டு, நின்று, உள்ளே போய், ‘லென்ஸ் எரர்’ என்று திரையில் வந்து அணைந்துவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். லென்ஸ் யூனிட்டை மொத்தமாக மாற்றினால்தான் சரியாகும், அதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் கேமராவின் விலையைத் தாண்டும்.

அடுத்து, கேமராவை ஆன் செய்து நீண்ட லென்ஸுக்குள் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். இரண்டொரு தூசி தெரிந்தால் பரவாயில்லை. சிலந்தி நூல்போல் கிளை பிரிந்து தெரிந்தால் அது பூஞ்சை. ஓரத்தில் கொஞ்சமாக இருந்தால் படத்தில் தெரியாது, ஆனால் வளரும். விளக்கு நோக்கி எடுக்கும் படங்களில் முதலில் புகைமூட்டமாகக் காட்டும்.

சென்சார் தூசிக்கு, அப்பர்ச்சரை எஃப்8-இல் வைத்து, முழு ஜூமில், வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுங்கள். சாம்பல் நிற வட்டப் புள்ளிகள் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நின்றால் தூசி உள்ளே போயிருக்கிறது. லென்ஸ் நீளும்போதும் சுருங்கும்போதும் காற்றை உறிஞ்சித் தள்ளுவதால் இந்த வகைக் கேமராக்களுக்கே உள்ள நோய் இது; பிரிக்காமல் துடைக்க முடியாது. மலிவு இக்ஸஸ் வகைகள் பலவற்றில் இந்தச் சோதனை பலிக்காது. அவற்றில் சுருங்கி விரியும் அப்பர்ச்சர் இதழ்களே இல்லை, வெளிச்சத்தைக் குறைக்க ஒரு சாம்பல் கண்ணாடி குறுக்கே வரும், அவ்வளவுதான்.

லென்ஸ் கீழே விழுந்து கோணலாகியிருக்கிறதா என்று பார்க்க, செய்தித்தாளைப் பிரித்துச் சுவரில் ஒட்டி, நேர் எதிரே நின்று, ஜூம் இல்லாமல் எடுங்கள். கார்டைப் போனில் செருகி நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் கொஞ்சம் மங்கலாக இருந்தால் அது அந்த லென்ஸின் இயல்பு. மூன்று மூலைகளில் எழுத்து படிக்கும்படி இருந்து ஒன்றில் மட்டும் கரைந்திருந்தால் லென்ஸ் சாய்ந்துவிட்டது. எந்தச் செட்டிங்காலும் இதைச் சரிசெய்ய முடியாது. கடையில் நேரமில்லை என்றாலும் இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெளியே ஒரு கீறல்கூட இல்லாத கேமராவிலும் இது இருக்கும்.

பிளாஷ் எரிகிறதா, எல்லாப் பொத்தான்களும் அழுந்துகின்றனவா, பேட்டரிக் கதவின் கொக்கி உடையாமல் இருக்கிறதா என்பதெல்லாம் அரை நிமிட வேலை.

வீட்டுக்கு வந்ததும் கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்துவிட்டு, டிஜிட்டல் ஜூமை அணையுங்கள். தேதி முத்திரை படத்தின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ ஆட்டோவின் உச்சத்தை 1/1.7 அங்குல வகைக்கு 800, 1 அங்குல வகைக்கு 1600 என்று கட்டி வையுங்கள். அந்த வசதி இல்லாத மாடலில் கையால் வையுங்கள். அறைக்குள் எடுக்கும்போது எஸ் வரிசையிலும் ஆர்எக்ஸ்100-இலும் ஜூமைத் தொடாமல் இரண்டடி முன்னே நகருங்கள்; எஃப்2-க்கும் எஃப்4.9-க்கும் இடையே வெளிச்சம் ஆறில் ஒரு பங்காகிறது. வெள்ளை வேட்டியும் மாக்கோலமும் வெளுத்துப்போகாமல் இருக்க எக்ஸ்போஷரை மைனஸ் 1/3-இல் வைப்பது நல்ல பழக்கம். ரா கோப்புகளைத் திருத்த டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். கேனான் பழைய மாடல்கள் பலவற்றுக்கு சிஎச்டிகே என்ற மென்பொருளைக் கார்டிலிருந்தே ஏற்றலாம்; ரா தராத கேமராவும் அதில் ரா தரும், கார்டை மாற்றினால் கேமரா பழையபடி ஆகிவிடும்.

வைக்கும் இடம் கடைசி வேலை, ஆனால் கடலோர ஊர்களில் அதுதான் கேமராவின் ஆயுளைத் தீர்மானிக்கும். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். சென்னையிலும் நாகையிலும் யாழ்ப்பாணத்திலும் மழைக்கால மாதங்களில் அது சாதாரணம். தோல் உறையிலும் துணிப்பையிலும் பூட்டி வைக்காதீர்கள், அவை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் ஐம்பது கிராம் போட்டு, பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்து மூடுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானதும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்க வேண்டாம். மாதம் ஒரு தடவையாவது வெளியே எடுத்து லென்ஸை நீட்டி, வெளிச்சத்தில் நாலு படம் எடுங்கள்.